கண்ணால் பார்த்த தாய்

"அம்மா, பயமா இருக்கு. பிள்ளையைக் கீழே இறக்கிவிடவே மனசு வரலை," என்றாள் பூங்கோதை.

மடத்துக் கூடத்தில் குரு அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். பூங்கோதையைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"எதுக்குப் பயம்?"

"பிள்ளை பிடிக்கிற ஆள் ஊருக்குள்ள வந்திருக்கானாம். போன்ல படமே வந்திருக்கு."

படத்தில் ஒருவர் தோளில் போர்வை மூட்டையோடு நின்றார்.

குரு சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். "இம்தியாஸ், சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா," என்றது வடக்கத்தி வாடையடித்த தமிழ். எட்டிப் பார்த்தது படத்தில் இருந்த அதே முகம்.

பூங்கோதை மகனை இறுக்கிக்கொண்டாள்.

"இது என்ன குழு?" குரு போனைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மாக்கள் குழும்மா. நிதிலன் பிறந்தப்ப சேர்ந்தேன். வசம்பை எப்படிச் சுட்டு உரசுறது, கஞ்சி எப்படிக் காய்ச்சுறதுன்னு சொல்லுவாங்க. பிள்ளை எந்நேரம் அழுதாலும் சௌபாக்யா அக்கா பதில் போடுவாங்க. என் மாமியார்கூட அப்படிப் பார்த்துக்கலை."

"அப்புறம்?"

"அப்புறம் சாமி படம் வந்தது. அப்புறம் கொடி. ஆடி மாசம் குழுப் பேரைத் 'தாய்மண் காவல் படை'ன்னு மாத்தினாங்க."

"நீங்க விலகலையா?"

"கஞ்சிக் குறிப்பும் வந்துக்கிட்டுத்தானேம்மா இருந்தது."

குரு ஒரு காயை ஒடித்தார்.

"இவரைப் பத்தி நீங்க ஏதாவது எழுதினீங்களா?"

"'நானும் எங்க தெருவுல பார்த்தேன்'னு போட்டேன். அவ்வளவுதான்."

"என்ன பார்த்தீங்க?"

"போர்வை விலை கேட்டேன். ஜாஸ்தி சொன்னார். வேணாம்னுட்டேன்."

"சரி."

"ஆனா நேத்து இன்னொண்ணு வந்ததும்மா. தொட்டில்ல இருந்து பிள்ளையைத் தூக்கப் போனானாம். ஒரு தாய் கண்ணால பார்த்திருக்கா. அந்தத் தெருப் பேரும் போட்டிருந்தாங்க. படிச்ச கையோட தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

"எந்தத் தெரு?"

"எங்க தெரு..." பூங்கோதை தான் போட்ட பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

நிதிலனுக்குப் பசி. வீறிட்டு அழுதான். குரு அவளுடைய போனை வாங்கி, தலை கலைந்த அவளையும் திமிறும் பிள்ளையையும் ஒரு படம் எடுத்தார். அடியில் ஏதோ தட்டிவிட்டுக் காட்டினார்.

'பிள்ளை இவளிடம் இருக்க மாட்டேன் என்கிறது. யார் பெற்ற பிள்ளை?'

"குழுவுக்கு அனுப்பட்டுமா?"

"ஐயோ, வேணாம்மா. நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போகணும்."

"ஒரு வருஷமாப் பழகினவங்கதானே?"

"என் முகம் யாருக்கும் தெரியாதே."

"சௌபாக்யா அக்காவுக்கு?"

"அவங்க முகம் எனக்கும் தெரியாதும்மா. படத்துல ஒரு குத்துவிளக்கு இருக்கும்."

குரு எழுதியதை அழித்தார். போன் அவர் கையிலேயே அதிர்ந்தது. சௌபாக்யா அக்காதான். 'மடத்துக்குள் ஒளிந்திருக்கிறான். எல்லோரும் வாசலுக்கு வாருங்கள்.'

வாசலில் ஏற்கெனவே பைக்குகள் வந்து நின்றன. ஒன்று, இன்னொன்று, அப்புறம் எண்ண முடியவில்லை.

இம்தியாஸ் மூட்டையோடு கூடத்துக்கு வந்தார். "நான் கிளம்பறேம்மா. என்னால மடத்துக்குக் கஷ்டம் வேணாம்."

"உட்காருங்க," என்றார் குரு. பிறகு பூங்கோதையைப் பார்த்தார். "கதவைத் திறக்கப் போறேன். நீங்க பின்பக்கமாப் போயிடலாம். தோப்பு வழியா ரோட்டுக்குப் போயிடலாம்."

"அவர்?"

"அவர் முகம்தான் எல்லாருக்கும் தெரியுமே."

பூங்கோதை பின்வாசலைப் பார்த்தாள். அது திறந்துதான் கிடந்தது. தோப்பில் ஆள் இல்லை. நிதிலன் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான்.

"பிள்ளையைக் கொஞ்சம் வச்சிருங்கம்மா," என்றாள்.

குரு கை நீட்டவில்லை. அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு நடந்தார்.

பூங்கோதை ஒரு கணம் நின்றாள். பிறகு பிள்ளையை இம்தியாஸின் கையில் கொடுத்தாள். அவர் பதறிப்போய் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவளே போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

முன்னால் நின்றவன் கையில் சைக்கிள் செயின் இருந்தது. "தள்ளுக்கா. ஒரு தாயே கண்ணால பார்த்திருக்கா, தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் பூங்கோதை. "அது நான்தான்."