பால் கொடுக்கும் அறையில் ஒரு படம்

பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துவந்த தணிகைவேலுக்கு, நாற்பதைத் தாண்டிய பிறகுதான் படம் வரையக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. ஓவியர் அமலோற்பவத்திடம் போய்ச் சேர்ந்தார். வயதில் அவரைவிட இளையவர்தான் அமலோற்பவம். ஆனாலும் தணிகைவேல் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவு ஒன்று இருந்தது. அதை ஒட்டிய அறையில் தாய்மார்கள் உட்கார்ந்து பால் பீய்ச்சிக் கொடுப்பார்கள். அந்த அறைச் சுவருக்கு ஒரு படம் வேண்டுமென்று டாக்டரம்மா கேட்டிருந்தார். அமலோற்பவம் அந்த வேலையைத் தணிகைவேலிடம் ஒப்படைத்தார்.

"என்ன வரையட்டும் டீச்சர்?"

"அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு ஆறுதலா ஒண்ணு. நீங்களே யோசிச்சு முடிவு பண்ணுங்க."

தணிகைவேல் அதிகம் யோசிக்கவில்லை. கொழுகொழுவென்று, பொக்கைவாய் தெரியச் சிரிக்கும் குழந்தை ஒன்றை வரைந்தார். மாட்டிய அன்று நர்சுகளெல்லாம் வந்து கன்னத்தைக் கிள்ளுவதுபோல் பாவனை செய்துவிட்டுப் போனார்கள். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஓரத்து நாற்காலியில் மாரிக்கனி என்று ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை பெட்டிக்குள் கிடந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?"

"ஆறு மாசம் இருக்கும்மா."

"எம் பிள்ளை அவ்வளவு நாள் இருக்குமா அண்ணாச்சி?"

தணிகைவேல் ஏணியை மடக்குவதுபோல் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆணியைச் சரிபார்க்கப் போனபோது, மாரிக்கனி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நேற்றே போய்விட்டது, விடியக்காலையில் புதைத்துவிட்டார்கள் என்று நர்ஸ் மெல்லச் சொன்னாள்.

"பின்னே, இங்க எதுக்கு உக்காந்திருக்காங்க?"

"பால் நிக்கலை. மத்த பிள்ளைகளுக்குக் குடுங்கன்னு அவளே கேட்டா."

அவர் படத்தைக் கழற்றி, துணியால் மூடித் தூக்கிக்கொண்டு நேரே அமலோற்பவத்தின் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

"வேற வரையறேன் டீச்சர். சூரிய உதயம் வரையட்டுமா?"

"விடியக்காலையில பிள்ளையைப் புதைச்சுட்டு வந்திருக்கா."

"விளக்கு?"

"பிள்ளை தலைமாட்டுல ஒண்ணு ஏத்தியிருப்பாங்க."

அமலோற்பவம் எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்."

மாரிக்கனி வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு அமலோற்பவம் உட்கார்ந்தார். படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை அதையே பார்த்திருந்தார். அன்று ஒருத்தி பிள்ளையைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாள். இன்னொருத்தியை டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

வெளியே வந்ததும் அமலோற்பவம் சொன்னார்: "மழை வரைங்க."

"வெறும் மழையா?"

"வெறும் மழை."

ஏனென்று அவர் சொல்லவில்லை. தணிகைவேல் வரைந்தார். சாம்பல் நிற வானம், வயல்வெளி, நின்று பெய்கிற மழை. முடித்தபின் மனசு கேட்காமல் ஓரத்தில் சின்னதாக ஒரு வானவில்லும் போட்டார்.

"இது எதுக்கு?"

"ஒரு நம்பிக்கைக்கு டீச்சர்."

"அதை உங்களால குடுக்க முடியுமா?"

அமலோற்பவம் தூரிகையை வாங்கி, வானவில்லின் மேல் சாம்பல் நிறத்தை இழுத்துவிட்டார்.

படம் சுவருக்கு ஏறிய மறுநாள் மாரிக்கனி வந்தாள். பால் வற்றத் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் கொஞ்சம்தான் வந்தது. கிண்ணத்தை நர்சிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவள் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உயிர் போன பிள்ளையைக் கையில் வாங்கியபோதுகூட அவள் அழவில்லையாம். பக்கத்து நாற்காலிக்காரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வாசலில் நின்று பார்த்த தணிகைவேல் ஓட்டமும் நடையுமாக அமலோற்பவத்திடம் வந்தார்.

"ஆறுதலுக்குன்னுதானே வரையச் சொன்னீங்க? அந்தப் பொண்ணு அதைப் பார்த்து அழுதுட்டா டீச்சர். அதையும் கழட்டிடட்டுமா?"

அமலோற்பவம் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"மழைக்கு ஒதுங்கினவங்களை, எவ்வளவு நேரமா இங்கே நிக்கிறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க தணிகைவேல். அவ அழட்டும். படம் இருக்கட்டும் விடுங்க."