ஊர்வாரியாக எண்ணியவன்

"அவளை எப்படி அனுப்பலாம்?" என்றான் அழகுவேல்.

இசக்கி அக்கா துண்டறிக்கைகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"வருஷக்கணக்கா வீடு வீடா ஏறி இறங்குனது நான். நாய்க்கடி வாங்குனது நான். சுடர்க்கொடி நேத்து வந்தவ. மெட்ராஸ்ல போய்ப் பேசுறது அவளா?"

"அவதான்னு யார் சொன்னா?"

"எல்லாரும் அவளைத்தானே பார்க்காங்க."

"நீயும் அவளைத்தான் பார்க்கே."

இசக்கி அக்கா வக்கீல் வேலையை விட்டுவிட்டு இந்த இயக்கத்தை ஆரம்பித்தவர். கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வாக்குச்சாவடி ஓட்டையும் தனியாக எண்ணாதே, பல சாவடிகளைச் சேர்த்துக் கலந்து எண்ணு. தனியாக எண்ணினால் எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று ஜெயித்தவருக்குத் தெரிந்துவிடும். போடாத ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வராது. ஓடைக்குடிக்கு வரவில்லை. அழகுவேல் பிறந்த ஊர் அது.

தேர்தல் அதிகாரிகள் ஒருவழியாக மெட்ராஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் ஒருவர்தான் பேசலாம்.

"ஊர் முடிவு பண்ணட்டும்," என்றார் அக்கா.

அழகுவேலுக்குப் புளியங்கொட்டை. சுடர்க்கொடிக்கு வேப்பங்கொட்டை. ஓடைக்குடியில் ஒரு குடம், சுடர்க்கொடியின் ஊரான கரையூரில் ஒரு குடம். குடத்துக்குள் கையை விட்டுப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"எண்ணுறது யாரு?"

"அழகுவேல்," என்றார் அக்கா.

கூட்டம் சிரித்தது. "போட்டி போடுறவனே எண்ணுறானா? நல்லா இருக்கு நியாயம்," என்றார் ஒருவர்.

"அண்ணனே எண்ணட்டும். அவர் பொய் சொல்ல மாட்டார்," என்றாள் சுடர்க்கொடி.

அதுதான் அவனுக்கு ரொம்ப எரிந்தது. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே.

"ரெண்டு குடத்தையும் அண்டாவுல கொட்டிக் கலக்கு. அப்புறம் எண்ணு," என்றார் அக்கா.

அழகுவேல் சத்துணவுக் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஓடைக்குடிக் குடத்தை மட்டும் தரையில் கவிழ்த்தான். வேப்பங்கொட்டையாக வந்தது. கிளறிப் பார்த்தான். அடியிலும் வேப்பங்கொட்டைதான். சொந்த ஊர். பெரியம்மா வீடு, மச்சான் வீடு, கூடப் படித்தவர்கள் வீடு. அடுத்து கரையூர்க் குடம். அதில் குவிந்தது புளியங்கொட்டை.

பிறகு எல்லாவற்றையும் அண்டாவில் அள்ளிப் போட்டு வெளியே தூக்கி வந்தான். எல்லார் முன்னாலும் எண்ணினான். ஒன்றைக்கூட மாற்றவில்லை. அவன்தான் ஜெயித்தான்.

முதலில் கை தட்டியது சுடர்க்கொடி.

மெட்ராஸ் போகிற அன்று வேனுக்கு ஆள் ஏற்றுகிற பொறுப்பு அவனுடையது. கரையூர்க்காரர்கள் ஏறினார்கள். சுடர்க்கொடியும் ஏறினாள்.

"ஓடைக்குடிக்காரங்க எங்கே?" என்றார் அக்கா.

"இடமில்லைன்னு சொல்லிட்டேன்."

பின்சீட்டு முழுக்கக் காலி. அக்கா அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"குடத்தைத் தனித்தனியா எண்ணிட்டே."

அவன் தலையைக் குனிந்தான். "அவங்க எனக்குப் போடலைக்கா."

"ஜெயிச்சது நீதானே?"

"இருந்தாலும் அவங்க போடலையே."

அக்கா திட்டுவார் என்று நினைத்தான். அவர் திட்டவில்லை.

"அங்கே ஒண்ணு கேட்பாங்க. எந்த ஊர் போடலைன்னு ஜெயிச்சவனுக்குத் தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்பாங்க. அப்ப இந்த வேனைச் சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"நான் எண்ணிப் பார்த்தேன், அதான் அவங்களை ஏத்தலைன்னு."

"சுடர்க்கொடி இருப்பாளே."

"இருக்கட்டும்."

"சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். ஓடைக்குடிக்குத் தண்ணி வரும்."

அதிகாரிகள் முன்னால் அழகுவேல் நன்றாகவே பேசினான். எங்கேயும் திக்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குழாய் வராததுக்கு நூறு காரணம் இருக்கும் தம்பி. ஜெயிச்ச ஆளு, தனக்குப் போடாதவங்களைப் பழிவாங்குவார்னு சொல்றீங்க. நல்ல மனுஷன்கூட அப்படிச் செய்வாரா? நீங்க நேர்ல பார்த்தது ஏதாவது இருக்கா?"

அழகுவேல் திரும்பிப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுடர்க்கொடி, அவன் சொல்லப்போவதற்குத் தலையாட்டத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"இருந்தா சொல்லுங்க தம்பி. எழுதிக்கிறோம்."

"வேற ஒண்ணும் இல்லைங்க சார்," என்றான் அழகுவேல்.