கண்ணை மூடு, திட்டிவிடம் வருது!

காட்டின் நடுவே ஒரு குளம். கோடையில் மற்றக் குட்டைகள் எல்லாம் வறண்டு வெடித்துவிட்டன. இந்தக் குளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. தண்ணீர் இருக்கிற இடத்தில்தானே கூட்டம்! முயல், மயில், கௌதாரி, ஆமை, தவளை என்று பாதிக் காடு அங்கே குட்டிகளோடும் குஞ்சுகளோடும் வந்து சேர்ந்துவிட்டது.

கூட்டம் சேர்ந்த இடத்துக்குச் சொற்பொழிவாளர் வராமல் இருப்பாரா? வந்தார் கீரியார்.

கரையில் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஏறி நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பெருமக்களே! இக்குளத்துக்கு ஒரு கொடிய சர்ப்பம் வந்திருக்கிறது. அதன் பெயர் திட்டிவிடம்! திட்டி என்றால் பார்வை. விடம் என்றால் விஷம். மற்றப் பாம்புகளுக்குப் பல்லில் விஷம். இதற்குக் கண்ணில் விஷம்! அதன் கண்ணோடு யார் கண் சேர்கிறதோ, அவர் அந்த நொடியே சாம்பல்!"

தாய்கள் எல்லாம் குட்டிகளையும் குஞ்சுகளையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

"ஐயா, நீங்க அதைப் பார்த்திருக்கீங்களா?" என்று ஆமையார் கேட்டார்.

"பார்த்திருந்தால் உம் முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பேனா?"

"அப்போ எப்படித் தெரியும்?"

"என் பாட்டனார் பார்த்தார்!"

"அவரு எப்படிப் பொழைச்சாரு?"

"பின்பக்கமாகப் பார்த்தார்! வாலை வைத்தே முகம் எப்படி இருக்கும் என்று கணித்துவிட்டார். எங்கள் பரம்பரைக்கே அந்த ஞானம் உண்டு."

ஆமையார் தலையை ஆட்டினார். பாம்பைப் பற்றிக் கீரியிடம் வாதாடுவதா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக அல்லவா போய்விடும்!

கீரியார் அந்தப் பாம்பின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதன் தலையில் சேவலுக்கு இருப்பதுபோல் ஒரு கொண்டை உண்டு. அதன் மூச்சுப் பட்டால் புல் கருகும். நூறு வருஷம் ஒன்றுமே சாப்பிடாது.

"சாப்பிடாதுன்னா எதுக்குக் கொல்லுது?" என்றது முயல்.

"அது அதன் சுபாவம்."

சுபாவம் என்று கேட்டதும் முயலுக்குத் திருப்தியாகிவிட்டது.

"ஆமா, ஆமா! வர்ற வழியில நானே பார்த்தேன். புல்லெல்லாம் கருகிக் கிடக்கு!" என்றாள் மயிலம்மா. அது சித்திரை மாசம். காடு முழுக்கவே புல் கருகித்தான் கிடந்தது. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"கவலை வேண்டாம்! இப்பாறையில் நான் காவல் இருப்பேன். அதன் வாடை அடித்ததும் 'வருது' என்பேன். எல்லோரும் கண்ணை இறுக மூடித் தலையைத் தரையில் வைத்துவிட வேண்டும். 'போச்சு' என்று நான் சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றது ஒரு தவளை.

"நானும் மூடிக்கொள்வேன். எனக்கு மூக்கே கண்!"

வெள்ளச்சி என்கிற கானாங்கோழி வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிகிற நேரம். முகமும் மார்பும் வெள்ளையாக இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். பின்னால் கன்னங்கரேலென்று ஆறு குஞ்சுகள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். கானாங்கோழி மட்டும் குறைச்சலா? கோரைப்புல்லில் சிக்கிய கடைக்குட்டியை இழுத்துவிட்டு, தட்டிக்கொடுத்து, கூட்டி வருவதற்குள் பேச்செல்லாம் முடிந்துவிட்டது. தவளைகளின் இரைச்சலுக்கு நடுவே கடைசி வார்த்தைகள் மட்டும் அவளுக்குக் கேட்டன.

"ஜாக்கிரதை! திட்டிவிடம்! ஜாக்கிரதை!"

அவள் காதில் அது "திட்டிவிடும்" என்று விழுந்தது.

"யாரு திட்டிவிடும்?" என்று பக்கத்திலிருந்த கௌதாரியைக் கேட்டாள்.

"பாம்புதான் அக்கா. புதுசா வந்திருக்காம். ரொம்பப் பொல்லாததாம்!" என்றாள் கௌதாரி. அவள் காலடியில் ஒரே ஒரு குஞ்சு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அட, இதுக்கா இவ்வளவு கூட்டம்!" என்றாள் வெள்ளச்சி.

பக்கத்துப் புதரில் குடியிருக்கும் நாமக்கோழி விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டேதான் இருப்பாள். அதையே கேட்டுக் கேட்டு வெள்ளச்சிக்குக் காது மரத்துப்போயிருந்தது. ஒரு பாம்பு நாலு வார்த்தை திட்டினால் இறகா உதிர்ந்துவிடும்?

அப்போது பாறையிலிருந்து சத்தம் வந்தது.

"வருது! வருது! கண்ணை மூடுங்கள்!"

குளக்கரை முழுக்கத் தலைகள் தரையில் விழுந்தன. வெள்ளச்சிக்கு ஒரே ஆச்சரியம். 'திட்டினா காதைத்தானே பொத்தணும்? இதுங்க ஏன் கண்ணை மூடுதுங்க?' என்று நினைத்தாள். கெட்ட வார்த்தை எதுவும் குழந்தைகள் காதில் விழக்கூடாது என்று குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டாள். பாம்பு என்னதான் திட்டப்போகிறது பார்ப்போம் என்று கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தாள்.

பாம்பு வரவில்லை. கீரியார்தான் பாறையிலிருந்து இறங்கி வந்தார். அவர் கண் இரண்டும் திறந்திருந்தன. கத்தரிக்காய் பொறுக்க வந்தவர்போல ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கௌதாரிக் குஞ்சின் முன்னால் நின்றார். லபக்கென்று கவ்விக்கொண்டு தாழம்புதருக்குள் போய்விட்டார்.

வெள்ளச்சி அலறினாள்.

"ஐயோ! கீரியார் கௌதாரிக் குஞ்சைத் தூக்கிட்டுப் போறாரு! எல்லாரும் கண்ணைத் திறங்க!"

ஒருவரும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாழம்புதரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"திறக்காதீர்கள்! திட்டிவிடம் குரல் மாற்றிப் பேசும்! இப்போது கானாங்கோழியின் குரலில் பேசுகிறது!"

அந்தக் குரல் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

"போச்சு!"

கண்கள் திறந்தன. கீரியார் பாறைமேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கௌதாரி இங்கும் அங்கும் ஓடினாள்.

"எம்புள்ள எங்கே? எம்புள்ளையக் காணோமே!"

கீரியார் தலையைக் குனிந்துகொண்டார். "எட்டிப் பார்த்திருக்கும், பாவம். சாம்பலைக் காற்றுக் கொண்டுபோயிருக்கும்."

"எல்லாம் வளர்ப்பு! சொன்ன சொல் கேட்கிற மாதிரி வளர்த்திருந்தா எட்டிப் பார்க்குமா?" என்றாள் மயிலம்மா.

கௌதாரி கதறி அழுதாள். வெள்ளச்சிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"நான் பார்த்தேன்! தூக்கிட்டுப் போனது கீரியார்தான்!"

எல்லோரும் பாறையைத் திரும்பிப் பார்த்தார்கள். கீரியாருக்குக் கோபமே வரவில்லை. சிரித்தார்.

"அப்படியா அம்மா? கண்ணைத் திறந்தா வைத்திருந்தாய்?"

"ஆமா!"

"திட்டிவிடம் வரும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் பிழைக்க முடியாது. நீ பிழைத்திருக்கிறாய். ஆகையால், நீ கண்ணைத் திறக்கவே இல்லை. என்ன பெரியோரே, நான் சொல்வது நியாயம்தானே?"

"ரொம்ப நியாயம்," என்றார் ஆமையார். பிறகு வெள்ளச்சியிடம் திரும்பினார். "ஏம்மா, அவ்வளவு சொல்லியும் நீ ஏன் கண்ணை மூடலை?"

"திட்டினா காதைத்தானே மூடணும், அண்ணே?"

"திட்டுறதா? யாரு?"

"அந்தப் பாம்புதான். திட்டிவிடும்னு சொன்னாரே!"

அவ்வளவுதான். குளக்கரை சிரிப்பில் அதிர்ந்தது. தவளைகள் மல்லாந்து விழுந்து சிரித்தன. மயிலம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கௌதாரி ஒருத்திதான் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஆமையார் திட்டிவிடத்துக்குப் பொருள் சொன்னார். கேட்கக் கேட்க வெள்ளச்சி குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டாள். பார்த்தாலே சாம்பலா? ஆறு குஞ்சுகளை வைத்துக்கொண்டா நான் வேடிக்கை பார்த்தேன்? இத்தனை பேர் தலையைக் கவிழ்த்துக்கொண்டபோது எனக்கு மட்டும் என்ன தெரிந்துவிட்டது? ஒரு வேளை நான் பார்த்தது வேறு எதையோ!

அன்றைக்கு அவளுக்குப் பாம்பின் பேர் சரியாகத் தெரிந்தது. தன் கண்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அதன் பிறகு அவளும் எல்லோரையும்போல் கண்ணை மூடினாள். திட்டிவிடமும் தவறாமல் வந்தது. ஒரு நாள் முயல்குட்டி போயிற்று. ஒரு நாள் மயிலம்மாவின் குஞ்சே போயிற்று.

"எல்லாம் வளர்ப்பு!" என்றது முயல், மயிலம்மாவின் முகத்துக்கு நேராகவே.

கீரியாரோ நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனார். "ஐயா, உடம்பைப் பார்த்துக்குங்க. ஊதிட்டே வருதே!" என்று தவளைகள் கரிசனமாகக் கேட்டன.

"எல்லாம் உங்களைப் பற்றிய கவலைதான்," என்றார் கீரியார். தவளைகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வருது! வருது!"

வெள்ளச்சி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடினாள். சுற்றிலும் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

இடது சிறகுக்குள் ஏதோ நுழைந்தது. எதையோ பிடித்து இழுத்தது.

"அம்மா!"

கடைக்குட்டியின் குரல்! ஒரு முறைதான் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

வெள்ளச்சி மற்றக் குஞ்சுகளை இறுக்கிக்கொண்டாள். திறந்தால் சாம்பல். திறக்காவிட்டால்? 'இந்தக் குரலைக் கேட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா நான் என்ன தாய்? செத்தாச் சாகிறேன்!' என்று கண்ணைத் திறந்தாள்.

கொண்டை வைத்த பாம்பு எதுவும் அங்கே இல்லை. கீரியாரின் கொழுத்த முதுகுதான் தாழம்புதரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் வாயோரம் இரண்டு சின்னக் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

கண்ணைத் திறவுங்கள் என்று கத்தவேண்டும், காப்பாற்றுங்கள் என்று கூப்பிடவேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. பெற்ற வயிறு பதறியபோது வாயில் எது வந்ததோ அதைத்தான் அலறினாள்.

"போச்சு! ஐயோ, போச்சு! எம்புள்ள போச்சு!"

குளக்கரை முழுக்கக் கண்கள் திறந்துகொண்டன!

சொன்னது யார், எதற்குச் சொன்னார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. போச்சு என்றால் திறக்க வேண்டும். இத்தனை நாள் பழகிய பழக்கம்.

நட்டநடுவில் கீரியார் நின்றார். வாயில் குஞ்சு. ஓட வழியில்லை, ஒளிய இடமில்லை.

"ஐயா, வாயில என்ன?" என்றது ஒரு தவளை.

வேறு யாராவது திருடராக இருந்தால் அந்தக் குஞ்சோடு ஓடியிருப்பார். ஆனால் இவர் சொற்பொழிவாளர் அல்லவா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எப்படிப் போவார்? வாயைத் திறந்தார்.

"பெருமக்களே, இது திட்டிவிடத்தின் இன்னொரு சுபாவம்! அது தன் இரையை—"

இரை பொத்தென்று சேற்றில் விழுந்தது. விழுந்த வேகத்தில் தண்ணீருக்குள் முங்கியது. கானாங்கோழிக் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தரவா வேண்டும்? மறு நொடி தாயின் சிறகுக்குள் வந்து முளைத்தது.

"மூக்கே கண்ணுன்னு சொன்னீங்களே! இப்போ நல்லாப் பாருங்க!" என்று வெள்ளச்சி பாய்ந்து கீரியாரின் மூக்கிலேயே ஒரு கொத்துக் கொத்தினாள். மயிலம்மா காலால் பிராண்டினாள். முயல்கள் உதைத்த உதையில் கீரியார் உருண்டு புரண்டு எழுந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பாதி வழியில்கூட "இது முறையான விசாரணை அல்ல!" என்று கத்திக்கொண்டேதான் ஓடினார்.

பிறகு எல்லோரும் தாழம்புதருக்குப் போனார்கள். அங்கே சாம்பல் இல்லை. இறகுகள் கிடந்தன. முயல் ரோமம் கிடந்தது. மயிலம்மா ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடினாள். கௌதாரிக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. புள்ளி போட்ட சின்ன இறகு ஒன்று அவள் காலடியிலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளச்சி அவள் பக்கத்தில் போய் ஒட்டி நின்றுகொண்டாள்.

ஆமையார் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்," என்றார்.

கௌதாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பவே சந்தேகம் இருந்துச்சுன்னா, அப்பவே ஒரு தடவை கண்ணைத் திறந்திருக்கலாமே அண்ணே. எம்புள்ள போனாலும் மத்தப் புள்ளைங்க இருந்திருக்குமே!"

ஆமையார் ஓட்டுக்குள் போனவர், அன்று முழுக்க வெளியே வரவில்லை.

ஊரையெல்லாம் கண்ணை மூடச் சொல்கிறவர் தம் கண்ணை மூடியிருக்கிறாரா என்று பார்ப்பதற்காகவாவது, நாம் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.