பாஷா போட்ட தாளம்

இஸ்தான்புல்லில் ஹுல்கி பாஷா என்று ஒரு பெரிய அதிகாரி இருந்தார். அவர் மாளிகையில் முரசு வாசித்துப் பிழைத்தவள் நிகார். பாஷாவுக்குத் தாளம் கற்றுக்கொடுப்பதும் அவள் வேலைதான். வலது தொடையில் ‘தும்’, இடது தொடையில் ‘தெக்’ என்று நிதானமாகத் தட்டிப் பழக வேண்டும். பாஷாவுக்கோ எதிலும் அவசரம்.

ஒருநாள் மாளிகையில் விருந்து. “நான் சபையில் தாளம் போடப்போகிறேன். எப்படி இருந்தது என்று எல்லோர் முன்பும் நீ சொல்ல வேண்டும். பொய் சொன்னால் உன் வேலை போகும். தப்பு என்று சொன்னாலும் போகும்” என்று பாஷா நிகாரிடம் சொன்னார்.

நோயாளித் தாயை வைத்துக்கொண்டு இந்தப் பனியில் எங்கே போவது? நிகார் முரசை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனாள்.

பாட்டு தொடங்கியது. பாடகர்கள் பாதியில் இருக்கும்போதே பாஷா தாளத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எப்படி?”

நிகார் தலை தாழ்த்தினாள். “எஜமான், நீங்கள் குதிரையில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நாங்கள் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறோம்.”

சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. பாஷாவின் முகம் சிவந்தது. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை, தப்பு என்ற சொல்லும் இல்லை. யோசித்துப் பார்த்தவருக்குக் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, முதலிலிருந்து வாசி. இந்தத் தடவை நானும் நடந்தே வருகிறேன்.”