ராஜா திரும்பி வந்த சாலை

முன்னொரு காலத்தில் முல்லைக்காடு என்ற நாட்டைக் கடம்பராஜன் ஆண்டுவந்தான். ஊர்வலம் என்றால் அவனுக்கு உயிர். போன வழியிலேயே திரும்புவது மட்டும் அவன் குலத்துக்கு ஆகாது. ஒரு சாலையில் போய் வேறொரு சாலையில்தான் வருவான்.

சாலை அதிகாரி மாணிக்கராயனுக்குக் கேட்கவா வேண்டும்? ராஜா வரும் நாளில் பள்ளங்களில் மணலைக் கொட்டித் தட்டிவிடுவான். தேர் ஒருமுறை உருண்டால் போதாதா! ஓரத்தில் வாய்க்கால் கிடையாது. தேங்கிய மழைத்தண்ணீர் கல்லுக்கடியில் இறங்கி மண்ணைக் கரைக்கும். வண்டிச் சக்கரங்கள் மிச்சத்தைப் பெயர்க்கும். அமைச்சர் கொழுந்தப்பர் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

ஐப்பசியில் ஓர் ஊர்வலம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லையம்மன் கோயிலில் இறங்கிய ராஜா, "சாலை வெண்ணெயாக இருக்கிறதே!" என்று மெச்சினான்.

"எல்லாம் தங்கள் ஆசி பிரபு. அமைச்சர்தான் பொறாமையில் குறை சொல்கிறார்" என்றான் மாணிக்கராயன்.

"உண்மைதான். என் வாயை அடைக்க இதே வழியில் திரும்புவோமே? வெண்ணெயில் போகச் சகுனம் எதற்கு?" என்றார் கொழுந்தப்பர்.

மாணிக்கராயன் முகம் வெளிறியது. ராஜாவோ வீம்பில் தேரைத் திருப்பச் சொன்னான். மணல் கரைந்து போயிருந்தது. சற்று தூரத்தில் தேர் குடைசாய்ந்து, ராஜா சேற்றில் விழுந்தான். கொழுந்தப்பருக்குச் சிரிப்பு வந்தது. எதிரே கிடந்த வண்டியைப் பார்த்ததும் அது செத்துப்போயிற்று.

அச்சு முறிந்த வண்டி. உள்ளே வேலாயி, அவள் மடியில் அப்போதுதான் பிறந்த, அழாத ஒரு பிள்ளை. வெளியே அவள் புருஷன், உப்பு வண்டிக்காரன் சடையன்.

"வலி எடுத்ததும் கிளம்பினோம் மகாராஜா. ஊர்வலம் போகட்டும்னு காவக்காரங்க நிறுத்திட்டாங்க. அப்புறம் பள்ளத்துல விழுந்துட்டோம்."

"மருத்துவச்சி வீடு எங்கே?"

"அந்தப் புளியமரத்துக்கு அந்தாண்டதான்."

ராஜா மாணிக்கராயனின் தலைப்பாகையைப் பிடுங்கி, மண்வெட்டியைக் கொடுத்து, வாய்க்கால் வெட்டச் சொன்னான். அமைச்சருக்கு முத்துமாலை கொடுத்தான். அவர் அதைக் கழுத்தில் போடவில்லை. போன ஊர்வலத்திலேயே தனக்கு இந்தப் புத்தி வந்திருக்கக் கூடாதா என்று நொந்துகொண்டார்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று சடையனைக் கேட்டான் ராஜா.

"வருஷா வருஷம் போன வழியிலேயே திரும்பி வாங்க. அது போதும்."

ராஜா வாக்குக் கொடுத்தான். அவன் கோபம் ஆறும்வரை மாணிக்கராயன் வாய்க்கால் வெட்டினான். அது புளியமரம்வரைகூட வரவில்லை.

மறுவருஷம் ராஜா சொன்ன சொல் தவறவில்லை. போன வழியிலேயே திரும்பி வந்தான், யானைமேல்.