சேறு காயும் வரை

ஒரே ஒரு ஊர். ஊருக்கு ஒரே ஒரு ஏரி. ஏரிக்கு மூன்று மதகு. மூன்றுக்கும் ஒரே சாவி.

அந்தச் சாவி வெள்ளையம்மாள் இடுப்பில் இருந்தது. மதகு பார்க்கக் கற்றுக்கொடுப்பவள் அவள். மழைக்காலம் தொடங்குமுன் சாவியை ஒருவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

வீரபாகு வந்து நின்றான்.

"அம்மா, பதினாலு ஆட்டம் ஜெயிச்சுட்டேன். இன்னும் ஏன் சாவி தரல?"

அவளைவிட அவனுக்குப் பத்து வயது கூட. ஆனாலும் அவள் குரு, அதனால் அம்மா. அவளுக்கு அவன் அண்ணன்.

"வாங்க அண்ணே. இன்னொண்ணு ஆடலாம்."

ஆட்டம் என்றால் இதுதான். மண்ணில் கட்டிய சின்ன ஏரி. மூங்கில் குழாய்தான் மதகு, ஓட்டுச்சில்லுதான் அதன் கதவு. கீழே கவிழ்த்துவைத்த தேங்காய்ச் சிரட்டைகள் வீடுகள். ஒருவர் குடத்தால் மழை பெய்வார். ஒருவர் மதகு பார்ப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு தெருவைப் பார்ப்பார்கள். சிரட்டை மிதந்தால் தோல்வி.

முடிந்ததும் யாரும் கால் கழுவக் கூடாது. காலில் ஒட்டிய சேறு காயும்வரை உட்கார்ந்து, அவரவர் கண்டதைச் சொல்ல வேண்டும். அங்கே அது வழக்கம்.

வீரபாகு மட்டும் கழுவிவிடுவான். தோற்றவன் பேசட்டும், ஜெயித்தவனுக்கு என்ன பேச்சு என்பான். மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அன்று வெள்ளையம்மாளே குடத்தைச் சாய்த்தாள். கரை தளும்புகிற மழை. வீரபாகு முதல் மதகைத் திறந்தான், இரண்டாவதைப் பாதி மூடினான், அங்கே ஓடினான், இங்கே ஓடினான்.

மழை நின்றது. ஒரு சிரட்டைகூட அசையவில்லை.

"பதினஞ்சு," என்றான்.

கால் கழுவத் தொட்டிப் பக்கம் போனான். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தனையையும் வெள்ளையம்மாள் மழையாகப் பெய்திருந்தாள்.

சேற்றுக் காலோடு போனால் பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஏரிவரை நடக்கச் சோம்பல், உட்கார்ந்தான்.

மேலத்தெருவைப் பார்த்தவர் தான் கண்டதைச் சொன்னார். அடுத்தது கீழத்தெருவைப் பார்த்த அஞ்சலை. அவள் வாயைப் பொத்திக்கொண்டே ஆரம்பித்தாள்.

"மூணாம் மதகை மாமா மூடவே இல்ல. ஆனா தண்ணி வரல. குழாய்க்குள்ள தவளை உக்காந்திருக்கு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஓட்டுச்சில்லு ஓரமாகக் கிடந்தது. குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, உப்பிய கன்னத்தோடு, ஒரு தவளை.

வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீரபாகுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னிக்கு மட்டுந்தானா?"

"இதோட ஒன்பது ஆட்டம் மாமா. ஒவ்வொரு தடவையும் பேசினோம். நீங்கதான் இருக்கமாட்டீங்களே."

சிரிப்பு அவன் முகத்தில் பாதியில் நின்றது. ஊரில் மூன்றாம் மதகுக்கு நேர் கீழேதான் அவன் மகள் வாழ்க்கைப்பட்ட தெரு.

காலைப் பார்த்தான். சேறு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

எழுந்தான். குடத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஏரிக்குப் போனான். இன்றைக்கும் கழுவத்தான் போகிறார் என்று அஞ்சலை முணுமுணுத்தாள்.

நிறைகுடத்தோடு திரும்பி வந்தான். தரையில் கொட்டினான். மிதித்துக் குழைத்தான். முழங்கால்வரை சேறாக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"முதல் ஆட்டத்திலேர்ந்து சொல்லு அஞ்சலை."

சொன்னார்கள். சேறு காயக் காய அவன் மறுபடி மிதித்தான். பதினைந்தும் பேசித் தீர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளையம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

அவன் கை நீட்டவில்லை.

"தவளைக்குத்தானே அம்மா கொடுக்கணும்?"

"கேட்டுப் பாத்தேன் அண்ணே. ஏன் உக்காந்தேன்னு அதுக்குச் சொல்லத் தெரியல."

சாவியை அவன் மடியில் போட்டுவிட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்து, அவள் உள்ளே போனாள்.

வீரபாகு குனிந்தான். தவளையை இரண்டு விரலால் மெல்ல எடுத்து வெளியே விட்டான். ஓட்டுச்சில்லை எடுத்து மூன்றாம் மதகை மூடினான். அழுத்தியும் பார்த்தான்.

வேலை போன தவளை ஊர் ஏரியைப் பார்த்துத் தத்திப் போனது.

சேற்றுக் காலோடு அவனும் அதன் பின்னால் நடந்தான்.