வோல்காவை ஒப்பிக்காத பிள்ளை

குருவைத் தேடிச் சந்தேகத்தோடு வருகிறவர்கள் உண்டு. வெயிலுமுத்து சார் எரிச்சலோடு வந்தார்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாற்று வாத்தியார். ஹெலன் நிர்மலா ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்; வெயிலுமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அந்தப் பயிற்சியில் போய் உட்கார்ந்த நாள் முதல் அவர்தான் இவருக்குக் குரு. தலையில் சரக்கு இருந்தால் போதாதா, வயதா முக்கியம்?

பயிற்சி நிலையத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஹெலன் தயிர்சாத டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தார்.

"என்னால முடியல மேடம். அந்தப் பாடத்த விட்டுரப் போறேன்."

"எந்தப் பாடம்?"

"யூதர்கள் பாடந்தான். ஹிட்லர் ஆளுக அவங்கள லட்சம் லட்சமா கொன்னத இந்த வாரம் பூரா நடத்துதேன். ஒருத்தன் எந்திச்சு, 'ஏன் சார் ஆட்டுமந்த மாதிரி போனாங்க? எங்க ஊரா இருந்தா அருவா தூக்கியிருப்போம்'ங்கான். கிளாஸே கை தட்டுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவங்களும் தூக்குனாங்கடான்னு வார்சாங்கிற ஊர்ல நடந்த கதையச் சொன்னேன். அடைச்சு வச்ச இடத்துக்குள்ளேயே துப்பாக்கியும் பெட்ரோல் குண்டும் வச்சு வாரக்கணக்கா எதுத்து நின்னாங்கன்னு. எல்லாப் பயலும் வாயப் பொளந்து கேட்டான். முடிஞ்சதும் முதல் கேள்வி என்ன தெரியுமா? 'அது என்ன மாடல் கன்னு சார்?'"

ஹெலன் சிரிக்கவில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். வெயிலுமுத்துவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏறாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். ஐந்து மார்க் கேள்விக்குப் பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆனால் செத்துப்போன அத்தனை பேரையும் கோழைகள் என்று நினைத்துக்கொண்டே இந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"துப்பாக்கி கிடைக்காதவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார் ஹெலன்.

"ஒளிஞ்சு பள்ளிக்கூடம் நடத்துனாங்கடான்னும் சொல்லிப் பாத்துட்டேன் மேடம். 'போங்க சார், அங்கயும் பள்ளிக்கூடமா'ங்கான்."

ஹெலன் டப்பாவை மூடினார். பாதிச் சாதம் மிச்சம் இருந்தது.

"ஒரு கதை சொல்லுதேன். நானா கட்டுன கதை. சுவர் எழுப்பி யூதர்கள அடைச்சுப் போட்ட ஒரு ஊரு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தா உயிர் போயிரும். பெலான்னு ஒரு டீச்சர் அடுப்படியில வச்சு பூகோளம் நடத்துவா. பிள்ளைக புஸ்தகத்தச் சட்டைக்குள்ள சொருகிட்டு வரும்."

"சரி."

"வோல்கா ஆறு எங்க உற்பத்தியாகுது, எங்க போய்ச் சேருதுன்னு படிச்சிட்டு வரச் சொல்லியிருக்கா. ரிவ்கான்னு ஒரு பிள்ள படிக்கல. கேட்டா, 'தெருமுனைக்கே என்னால போக முடியாது. வோல்கா எங்க போனா எனக்கென்ன'ங்கா."

"நியாயந்தானே மேடம்."

"பெலாவுக்கு வந்துதே கோவம்! உயிரக் கையில பிடிச்சிட்டு நடத்துதேன், இப்படிப் பேசுதியேன்னு கத்த முடியல. சத்தம் வெளிய கேட்டா எல்லார் உயிரும் போச்சு. வெளிய போய் நில்லுன்னும் சொல்ல முடியல. பல்லக் கடிச்சுக்கிட்டு, 'நாளைக்கு நீதான் முதல்ல ஒப்பிக்கணும். ஒரு வரி விட்டாலும் முழுசும் திரும்ப'ன்னா. அந்தப் பிள்ள முணுமுணுன்னு திட்டிக்கிட்டே புஸ்தகத்தத் திறந்துது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் கதை."

வெயிலுமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன மேடம் நீங்களும்! இதுல எதுத்து நின்னது எங்க இருக்கு? அந்தம்மா ஒரு சின்னப் பிள்ளகிட்டல்லா மல்லுக்கு நின்னிருக்கா. இதப் போய்ச் சொன்னா பயலுக என்னயப் பாத்துச் சிரிப்பானுக."

ஹெலன் கை கழுவ எழுந்தார்.

"சிரிச்சு முடிக்கட்டும் சார். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேளுங்க. எந்த நேரம் சாவு வரும்னு ரெண்டு பேருக்குமே தெரியாத இடத்துல, நாளைக்கு ஒப்பிச்சே ஆகணும்னு அந்தம்மா மல்லுக்கு நின்னாளே, அது அந்தப் பிள்ளகூடயா, சுவர் எழுப்புனவங்ககூடயான்னு கேளுங்க."